கிண்ணமாய்ப் போன பாட்டு

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது, முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொதிக்கும் வெந்நீரில் இசைத்தட்டு இளகும்போது எழும் அந்த அரக்கு வாடை மட்டும் இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை.

தென்னூரில் எங்கள் வீடு. பினாங்கில் துணிக்கடையில் வேலை பார்த்த என் தகப்பனார், அத்தா, ஒருமுறை வந்தபோது, சாவி கொடுக்கும் பாட்டுப்பெட்டியும், நாங்கள் "பிளேட்டு" என்று சொல்லும் இசைத்தட்டுகளும் கொண்டுவந்தார். மலாய்க்காரி ஒருத்தி கொஞ்சிக் கொஞ்சிப் பாடுவாள். அமெரிக்கக் கறுப்பர் ஒருவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். நம்மூர் நாடகக்காரர் ஒருவரும் உண்டு. "வயசுப் பிள்ள இருக்குற வூட்டுல என்ன கூத்து இது" என்று அம்மா எல்லாவற்றையும் மூடச் சொல்வாள். எகிப்துக்காரி ஒருத்தியின் பாட்டு மட்டும் அரபியில் இருந்ததால், அது நபிபுகழ் பாடும் "பைத்து" என்று அம்மா நம்பினாள்.

அத்தா திரும்பிப் போனார். கடிதம் குறைந்தது, பிறகு நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்ததும் நான் சாவி கொடுப்பேன். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, அந்தப் பாட்டின் முன்னால் கையேந்தி, "அவங்கள நல்லபடியா கொண்டாந்து சேரு, ரப்பே" என்று அழுவாள். கேட்டுக் கேட்டு, பொருள் தெரியாமலே பாட்டு முழுவதும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஸ்ரீரங்கத்திலிருந்து வளையல் கடைக்காரர்கள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மார்க்கப்பற்றுள்ள வீடு என்று காட்டுவதற்காக அம்மாவே அந்த பிளேட்டைப் போடச் சொல்லி, வழக்கம்போல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மாப்பிள்ளையின் பெரியத்தா அரபு நாட்டு ஏடனில் பல வருஷம் இருந்தவர். கொஞ்சம் கேட்டார், பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"என்னம்மா இது, சபையில போடுற பாட்டா? போனவன் வரலியேன்னு ஒருத்தி பொலம்புறா. இதுக்கா முக்காடு?"

உடன் வந்த பெண் ஒருத்தி, "வாங்கியாந்தவருக்கு பினாங்குல ரெண்டாங் குடும்பமே ஆயிருச்சு, இங்க பாட்டு அழுவுது" என்றாள். எனக்கு அன்றுதான் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் அம்மா அண்டாவில் வெந்நீர் கொதிக்கவைத்து, ஒவ்வொரு தட்டாக முக்கி, இளகியதைக் கவிழ்த்த சட்டியின்மேல் அழுத்திக் கிண்ணமாக்கினாள். அப்போது பல வீடுகளில் அப்படிச் செய்வதுண்டுதான். எகிப்துக்காரியை எடுத்தபோது நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது மட்டும் வேணாம்மா."

"விடுடி. இது என் பாட்டு. என்ன வேணா செய்வேன்."

கிண்ணங்கள் என் சீரோடு அந்த ஸ்ரீரங்கத்து வீட்டுக்கே வந்தன. சோறு குழைந்தாலும், "பாட்டுக்கு முக்காடு போட்ட வூட்டுப் பொண்ணுதானே" என்பார்கள். அத்தா வரவேயில்லை. பெரியத்தா ஏடன் துறைமுகத்தில் மூட்டை எண்ணியவர் என்றும், அரபியில் நாலு வார்த்தைக்குமேல் தெரியாது என்றும் என் வீட்டுக்காரர் பிறகொருநாள் விளையாட்டாகச் சொன்னார். அப்போது அம்மா மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

இப்போது பேத்தி கைபேசியில் எந்த நாட்டுப் பாட்டையும் வரவழைக்கிறாள். என் பாட்டுக்கு என்ன பெயர் சொல்லிக் கேட்பது? ஊசிநூல் போட்டுவைத்திருக்கும் அந்த எகிப்துக்காரிக் கிண்ணத்தின் அடியில் பாட்டின் பெயர் இருந்த எழுத்து எப்போதோ தேய்ந்துவிட்டது. நான் யார் முன்னாலும் பாடியவள் அல்ல. ஆனாலும் அரபி நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது வந்தால், வெட்கத்தை விட்டுப் பாடிக் காட்டுகிறேன். அந்த ஏடன் மனிதர் அன்று சொன்னது மெய்தானா என்று சரிபார்த்துச் சொல்லுங்கள்.