பத்தியம் முடியாத அம்மாவும் எங்கள் சேரும்

சத்திரசிகிச்சை நிபுணர் ஞானசேகரம் சேர் காலமான செய்தி, ஒப்பரேஷன் தியேட்டரில் நான் நோயாளி ஒருவரை மயக்கி வைத்திருந்த வேளையில் வந்தது. மயக்க மருந்து கொடுத்தவள் மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்கக் கூடாது. அழுகையை வீடு போகும்வரை பொத்தி வைத்தேன். அவருடன் வேலை செய்த உங்களுக்கு அது விளங்கும்.

சேரின் ஒரு பழக்கத்தை நாம் எல்லோரும் நையாண்டி செய்திருக்கிறோம். மயக்குவதற்கு முன் ஒவ்வொருவரிடமும், "வீட்ட போய் முதல்ல என்ன சாப்பிடப் போறீங்க?" என்று கேட்பார். பயம் தெளியத்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். பித்தப்பைக் கல்லுக்குச் சிறு துளை வழியே கெமரா விட்டுச் செய்யும் சிகிச்சைக்காகப் பெரியகல்லாற்றிலிருந்து அம்மா ஒருவர் வந்திருந்தார். அவரிடமும் கேட்டார்.

"என்னத்தச் சாப்பிடுற டொக்டர், பத்தியம் இன்னும் முடியல்லியே."

சேரின் முகம் மாறியது. "என்ன பத்தியம் அம்மா?"

"போன கிழமை கண் மஞ்சளாப் போச்சு. கீழ்க்காய் நெல்லி அரைச்சுக் குடிச்சன், மாறிற்று. சொன்னாத் தள்ளிப்போடுவீங்க எண்டு சொல்லல்ல. மகன் வேலைக்குக் கட்டார் போக முதல் முடிக்கணும்."

எங்களிடம் இருந்த இரத்தப் பரிசோதனை அந்த மஞ்சளுக்கு முந்தியது. என் கையில் ஊசி தயாராக இருந்தது.

"மருந்த வைங்க தங்கச்சி. இண்டைக்கு வேணாம்."

வெளியே நின்ற மகனிடம் சொல்லத் தாதியை அனுப்பாமல் அவரே போனார். மகன் கொதித்துப்போனார். "ஸ்கான்ல குழாய் நல்லாயிரிக்கி எண்டுதானே சொன்னீங்க? நான் போனா ஆரு பாக்கிற?"

"பைக்குள்ள இரிக்கிற கல்லு ஸ்கான்ல தெரியும் தம்பி. பித்தக் குழாய்க்குள்ள இறங்கினது ஒளிச்சிரும். அதப் பாக்காம பைய எடுத்தா, மறுகா குழாய் அடைச்சு உயிருக்கே வந்திரும். ஏசுங்க, கேக்கிறன். வெட்ட மாட்டன்."

அன்று மாலையே அம்மாவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. கண்ணும் மறுபடி மஞ்சளானது. அம்புலன்சில் வேறு ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், குழாயின் கீழ்முனையில் கல் இருந்தது. வாய்வழியாகக் கெமரா விட்டு அதை எடுத்துவிட்டதாகச் செய்தி வரும்வரை சேர் தேநீரைக்கூடத் தொடவில்லை. பித்தப்பையைப் பிறகு அவரே எடுத்தார். கட்டாரிலிருந்து மகன் தொலைபேசியில் அழுதார்.

இறுதிக்கிரியை முடிந்து வேலைக்குத் திரும்பினேன். இன்னொரு பித்தப்பை நோயாளி, சில நாட்களாகச் சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போவதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கல் குழாய்க்குள் இறங்கியிருந்தாலும் அப்படிப் போகும். புதிய நிபுணர் கையுறை போட்டு ஆயத்தமாக நின்றார். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம் என்றேன். நிபுணருக்குப் பிடிக்கவில்லை. வெளியே உறவினர்கள் காத்திருந்தார்கள். சேரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: அவர்களிடம் சொல்ல நானே போனேன்.