சீண்டல் என்று குறித்தவள்

குமுதா பதினாறு வருடம் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு மெய்ப்புத் திருத்தினாள். அங்கே மெய்ப்புப் பிரிவை மூடியபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் ராஜன், "போதும்லா, வீட்டுல இரு" என்றான். அவளால் இருக்க முடியவில்லை. சுபாங் ஜெயாவில் ஒரு நிறுவனம் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடுவதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள். கிடைத்தது. தினமும் காலையில் கிள்ளானில் ரயிலேறினாள்.

ஒரு காணொளிச் செயலியில் மக்கள் எழுதும் கருத்துகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைக் குறிப்பதுதான் வேலை. திரையில் ஐந்து சொற்கள் இருந்தன. டீஸ் என்றால் செல்லக் கிண்டல், விட்டுவிடலாம். மோக் என்றால் ஒருவர் பேசுவதுபோலவே பேசிக்காட்டிப் பழிப்பது. ஊரே கூடி ஒருவரைக் கேலிப்பொருளாக்கினால் ரிடிக்யூல். இரண்டையும் மறைத்துவைப்பார்கள். மானத்தில் நேரடியாகக் கைவைப்பது இன்சல்ட், அதை அழித்துவிடுவார்கள். ஐந்தாவது டாண்ட். ஒருவரைச் சீண்டிச் சீண்டி எதையோ செய்யவைப்பது. அதைக் குறித்தால் விஷயம் மேல்பிரிவுக்குப் போகும், அங்கே யாராவது உட்கார்ந்து முழுவதையும் படிக்க வேண்டியிருக்கும். அதனால் அதைத் தொடாமல் இருப்பவர்களே நல்ல வேலைக்காரர்கள் என்று பெயரெடுத்தார்கள்.

மூன்றாம் மாதத்தில் சுகுமாறனின் காணொளிகள் அவள் வரிசையில் வந்தன. ஐம்பது வயது லோரி ஓட்டுநர். கண்டெய்னர் ஏற்ற முறை வரும்வரை லோரிக்குப் பக்கத்தில் சின்ன அடுப்பு வைத்துச் சமைப்பார், சமைத்துக்கொண்டே நேரலையில் பேசுவார். நூறு, நூற்றைம்பது பேர் பார்ப்பார்கள். ஒருநாள் சம்பல் கிளறியபடியே, போன வருடம் மூன்று பேர் வழிமறித்துக் கைப்பேசியைக் கேட்டபோது பேசாமல் கொடுத்துவிட்டதைச் சொன்னார். "உசுரு முக்கியம்லா" என்று சிரித்தார்.

மறுநாள் 'சும்மா லா' என்ற பெயரில் ஒரு கணக்கு எழுதியது: "இவரு ரொம்ப தைரியசாலி." பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. குமுதா டீஸ் என்று குறித்தாள். அந்த வாரம் அதேபோல் பத்துப் பதினைந்து வந்தன. இவரு போன் குடுத்தாரு, இவரு வேட்டியும் குடுப்பாரு. மோக் என்று குறித்தாள், ரிடிக்யூல் என்று குறித்தாள். ஆட்கள் அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் 'சும்மா லா' எழுதியது: "அண்ணே சாப்டீங்களா? இன்னிக்கி நாங்க போன் கேட்டா குடுப்பீங்களா?"

குமுதா அதை இரண்டு முறை படித்தாள். இதுவரை 'இவரு'. இப்போது 'நீங்க'. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தவன் திரும்பி அவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். அவள் டாண்ட் என்று குறித்தாள்.

அரைமணி நேரத்தில் அது டீஸ் என்று திருத்தப்பட்டுத் திரும்பிவந்தது. மேற்பார்வையாளன் ரேமண்ட் நல்ல பையன், முப்பதைத் தொடாதவன். வீட்டில் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. இயந்திரம் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தருவதைப் பார்த்துத்தான் சரிபார்ப்பான்.

"அக்கா, அண்ணேன்னு கூப்பிட்டு, சாப்டீங்களான்னு கேக்குறான். இதுல என்ன இருக்கு?"

"மரியாதையாத்தான் கேக்குறான். அதுதான் பயமா இருக்கு."

"பயத்துக்கெல்லாம் பட்டன் இல்லக்கா."

பதினாலாம் நாள் 'நீங்க' போய் 'நீ' வந்தது. "நீ பயந்தவன் இல்லன்னா வந்து காட்டு." குமுதா மறுபடி டாண்ட் என்று குறித்துவிட்டு ரேமண்டை அழைத்துக் காட்டினாள். அவன் தன் திரையைக் காட்டினான். ஆங்கிலத்தில் 'நீங்க'வுக்கும் 'நீ'க்கும் ஒரே சொல்தான் இருந்தது. மரியாதை போய்விட்டது அதில் தெரியவில்லை. அவள் விளக்கினாள். அவன் கவனமாகக் கேட்டான், மேலே அனுப்பவும் செய்தான். டீஸ் என்றே பதில் வந்தது. அந்த மாதம் அவளுடைய மதிப்பெண் மிகவும் இறங்கியிருப்பதாகவும் அதில் எழுதியிருந்தது.

பதினேழாம் நாள் சனிக்கிழமை. 'சும்மா லா' எழுதியது: "நாளைக்கி நாலு மணி. பாடாங்கு தெரியும்ல. வா." கிள்ளானில் வீடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு திடலைத்தான் அப்படிச் சொன்னார்கள். சுகுமாறன் வெங்காயம் நறுக்கியபடியே படித்தார். முகத்தில் எப்போதும் இருக்கும் சிரிப்பு இல்லை. "வரேன்" என்றார்.

படிப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று குமுதா கையெழுத்துப் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். காணொளியில் தெரிந்த நீலத் தண்ணீர்த் தொட்டியை வைத்து, அது எந்த லோரி நிறுத்துமிடம் என்று ராஜன் சொன்னான். இருவரும் போர்ட் கிள்ளானுக்குப் போனார்கள்.

சுகுமாறன் லோரிப் படியில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

"அண்ணே, நான் ஒங்க கமெண்ட் எல்லாம் படிக்கிறவ. இன்னிக்கி அங்க போகாதீங்க."

அவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "பசங்க கிண்டல் பண்றானுங்க. அதுக்குப் போயி இவ்ளோ தூரம் வந்தீங்களா?"

"கிண்டல்னா அத எதுக்கு எடுத்து வச்சிருக்கீங்க?"

அவர் காலடியில், சக்கரம் கழற்றும் நீண்ட இரும்புச் சாவி ஒரு துண்டில் சுற்றிக் கிடந்தது. அவர் அதைக் காலால் உள்ளே தள்ளினார்.

"போகலன்னா நாளைக்கி என்ன எழுதுவானுங்க தெரியுமாக்கா?"

"தெரியும். நான்தான் படிக்கணும்."

ராஜன் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தான். மூவரும் தேநீர் குடித்தார்கள். நாலு மணி ஆனது. கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது, சுகுமாறன் அதைக் கவிழ்த்து வைத்தார். நாலரைக்கு அதிர்வு நின்றது. அதுவரை அதிர்ந்ததைவிட அது நின்றது குமுதாவுக்கு மோசமாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை, முடிந்துவிட்டது என்று ராஜன் சொன்னான். அவள் தலையாட்டினாள், எழுந்திருக்கவில்லை.

ஐந்தேகாலுக்குச் சுகுமாறனுக்கு ஒரு அழைப்பு வந்தது. தெரியாத எண். பேசியது ஒரு பெண். கன்னையா என்பவரின் மனைவி சந்திரகலா, காணொளியில் லோரிக் கதவில் தெரிந்த எண்ணைப் பார்த்து அழைத்திருந்தாள்.

கன்னையா ஒரு கிடங்கில் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை பார்த்தார். சுகுமாறனின் நேரலையைத் தினமும் பார்த்தவர். வணக்கம் அண்ணே என்பதைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. சுகுமாறன் தனியாப் போறாரு, கூட நின்னா அடிக்க மாட்டானுங்க என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் திடலுக்குப் போயிருக்கிறார். அங்கே சுகுமாறன் இல்லை. நாலு பேர் இருந்தார்கள். நீ யாரு, அவனோட ஆளா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார்.

இடது கண்ணை மருத்துவர்களால் காப்பாற்ற முடியவில்லை.

திங்கட்கிழமை குமுதா போலீஸ் நிலையத்துக்குப் போய், பதினேழு நாட்களாகப் படித்ததை நினைவிலிருந்து தேதி வாரியாகச் சொன்னாள். பிறகு ரேமண்டிடமும் போய்ச் சொன்னாள். அவன் கண் கலங்கியது. அன்று சாயங்காலமே அவளுடைய வேலை போயிற்று.

மூன்று பேர் பிடிபட்டார்கள். எல்லோருக்கும் குடும்பம் இருந்தது, ஒருவன் நாற்பத்து நாலு வயதுக்காரன். சும்மா விளையாட்டுக்குத்தான் என்று மூவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஆனால் 'சும்மா லா' அவர்களில் யாரும் இல்லை. அது யாரென்று அவர்களுக்கே தெரியவில்லை. அவன் சொன்னான், வந்தோம் என்றார்கள். அந்தக் கணக்கு ஞாயிறு நாலரைக்கே அழிக்கப்பட்டிருந்தது.

சுகுமாறன் நேரலையை நிறுத்திவிட்டார். ஓய்வு கிடைக்கும் நாட்களில் கன்னையாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்வருகிறார். குமுதாவுக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை திருத்தும் வேலை கிடைத்தது. பெயர், நாள், மண்டபம், அவ்வளவே.

அதற்கு முன் ஒருமுறை அவள் மருத்துவமனைக்குப் போனாள். கன்னையா தூங்கிக்கொண்டிருந்தார். சந்திரகலா கட்டிலருகே நாற்காலியில் இருந்தாள். குமுதா தான் யாரென்று சொன்னாள்.

"அப்ப நீங்க எல்லாத்தையும் முன்னாடியே படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அவரு எழுதுனதும் வந்துச்சா?"

"வந்துச்சு. வணக்கம்னு. அதுக்கெல்லாம் ஒண்ணும் குறிக்க வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க."

சந்திரகலா இன்னொரு நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குமுதா உட்கார்ந்தாள்.