கல்லில் சொட்டிய எண்ணெயும் பிள்ளையார் காட்டிய நீரும்

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நெற்றியைத் துடைத்தேன். விரலில் எண்ணெய். பிள்ளையாரப்பா, எனக்கு உயிரே போய்விட்டது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் தங்கிச் சித்திரம் படித்த மாணவன். பன்னீர் விற்கும் ஹாஜியார் ஒருவரின் போத்தல்களுக்கு லேபல் வரையும் வேலை கிடைத்திருந்தது. எனக்கு அதுதான் முதல் வேலை. பெருநாளுக்கு முன் லேபல் கையில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். கொட்டாஞ்சேனை அச்சகமொன்றில் கல்லச்சு அடிக்கும் சூசை அண்ணைதான் எனக்காகப் பரிந்து பேசி, நேரே கல்லிலேயே வரைய விட்டவர். பெடியனை நம்பிக் கல்லைக் கொடுக்கிறாய், பிழை வந்தால் நீயும் வீட்டுக்குத்தான் என்று முதலாளி அவரிடம் சொல்லியிருந்தார். அண்ணைக்கு நாலு பிள்ளைகள்.

கல்லச்சு அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்ணெய்ப் பசையுள்ள மையால்தான் கல்லில் வரைவோம். பசை ஊறிய இடம் அச்சு மையைப் பிடிக்கும், ஈரமான வெறும் இடம் பிடிக்காது. தலையிலிருந்து ஒரு சொட்டு நல்லெண்ணெய் விழுந்தாலும் போச்சு. கல்லில் ஒன்றும் தெரியாது. தாளில் கறுப்பாக எழும்பும்.

நானோ அன்று காலைதான் எண்ணெய் தேய்த்து முழுகியிருந்தேன். எங்கள் வீட்டில் சனிக்கிழமை தவறாது. அரப்புப் போட்டும் எண்ணெய் முழுக்கப் போகவில்லை. அரைநாளோடு பூட்டிய அச்சகத்துக்குள் தனியே வியர்க்க வியர்க்க நாலு மணித்தியாலம் குனிந்தபடி வரைந்திருக்கிறேன், மடையன்! கல்லை உற்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அண்ணை வீட்டுக்குச் சாவியைக் கொடுக்கப் போனபோது வேலை எப்படி என்று கேட்டார். எல்லாம் சரி என்று சொல்லிவிட்டேன்.

இரவு சோறு இறங்கவில்லை. திங்கள் காலை மை போடுவார்கள். சொன்னால் ஹாஜியார் என்னைத் துரத்துவார், சொல்லாவிட்டால் அண்ணையின் பிழைப்புப் போகும். பிள்ளையாரே, எண்ணெய் சொட்டாமல் இருந்திருக்க வேண்டும் என்று கெஞ்சினேன். பிறகு கேட்டதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சொட்டியிருந்தால், பழி எனக்குக் கல்லைத் தேய்த்துத் துடைத்துத் தந்த வேலையாள்மேல் விழட்டும் என்றும் கேட்டேன்.

ஞாயிறு விடிய எங்கள் ஒழுங்கை முனைக் கோயிலில் அபிஷேகம். ஐயர் பிள்ளையாருக்கு எண்ணெய்க்காப்புச் சாத்தி, பின் குடத்து நீரை ஊற்றினார். நீர் ஒட்டவில்லை. எண்ணெய் பட்ட கருங்கல்லில் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நீரைத் தொட்டு வைத்தால் எண்ணெய் இருக்கும் இடம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்குமே! நான் படித்த பாடம்தான். பயத்தில் மறந்துபோயிருந்தேன். ஆனால் கல்லைத் தொட வேண்டுமானால் அண்ணையிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

தீபாராதனைக்கும் நிற்கவில்லை. கோட்டைக்கு ரயில், அங்கிருந்து ஓட்டமும் நடையும். அண்ணை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து சட்டைகூடக் கழற்றவில்லை. வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், சாவி கொடுக்கும்போது சொன்ன பொய்யையும் சேர்த்து.

அவர் முகம் கறுத்தது. “முழுகின தலையோடயா கல்லுக்கு மேல குனிஞ்ச நீ?”

“ஓம் அண்ணை,” என்றேன். கால் நடுங்கியது.

“நாளைக்கு மை போட்ட பிறகு வந்திருந்தா நான் என்ன செய்வன்? இப்ப சொன்னியே, நட,” என்று சாவியை எடுத்தார்.

அச்சகத்தில், வரைந்த கோடுகளில் படாமல், வெறும் இடங்களில் மட்டும் மெல்லிய தூரிகையால் நீர் தொட்டு வைத்தார். ஓர் இலைக்குக் கீழே நீர் விலகியது. பின் நட்ட நடுவில், ரோஜாவுக்கும் எழுத்துக்கும் இடையில் இன்னொன்று. இரண்டையும் கூரிய கத்தியால் பதமாகச் சுரண்டினார். திங்கள் காலை முதல் தாளை உரித்தபோது அது பளிச்சென்றிருந்தது. அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். நான் தலையில் குட்டிக்கொண்டேன்.

லேபலை ஹாஜியாரிடம் கொடுத்தபோது நடந்ததையும் சொன்னேன். துரத்துவார் என்றுதான் நினைத்தேன். அவரோ சிரித்துவிட்டு, அடுத்ததாக அத்தர் போத்தலுக்கும் என்னையே வரையச் சொன்னார்.

அன்றுமுதல் என் கையால் ஒரு பிழை நடந்தால் முதலில் சொல்பவன் நானாகவே இருக்கிறேன். பிள்ளையாரிடம் நான் கேட்டது என் பிழையை மறைக்கச் சொல்லி. அவர் அதை எனக்குக் காட்டி, என் வாயையும் திறக்க வைத்தார். நான் கேட்டபடி தந்திருந்தால் ஓர் அப்பாவி வேலையிழந்திருப்பான், நானும் வாழ்நாள் முழுக்கக் கள்ளனாய் இருந்திருப்பேன். உங்களில் யாராவது இப்படி எதையாவது மூடிவைத்துத் தவித்தால், பிள்ளையார் முன்னே போய் நில்லுங்கள். பிறகு சொல்ல வேண்டியவரிடம் போகும்போது கால் நடுங்கத்தான் செய்யும். நடுங்கினாலும் போங்கள்.