மதிலுக்குப் போர்த்தியவள்

கோட்டை என்றால் எல்லாரும் பிரபுவையும் கொடியையும்தான் பேசுவார்கள். ஹாவிஸுக்குக் கோட்டை என்பது வெளிமதிலும் அதை ஒட்டிய முற்றமும்தான். தொழுவம், கொல்லன் பட்டறை, சுண்ணாம்புக் காளவாய், மதிலில் சாய்த்துக் கட்டிய அவள் குடிசை எல்லாம் அங்கேதான். உள்வாசலைத் தாண்டி அவள் போனதில்லை. போய் என்ன ஆகப்போகிறது?

மதில் ஒன்பது வருடமாக எழும்பிக்கொண்டிருந்தது. வடக்குச் சீமைக் குளிரில் ஈரக் கலவை உறைந்தால் பொடிந்துபோகும். அதனால் நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாளோடு வேலை நிற்கும். பாதிச் சுவரின் தலையில் வைக்கோலும் சாணியும் அப்பி மூடுவது ஹாவிஸின் வேலை. வசந்தத்தில் எப்போது திறக்கலாம் என்பதையும் அவள்தான் சொல்வாள். கையை முழங்கைவரை சாணிக்குள் விட்டுக் கல்லைத் தொட்டுப் பார்ப்பாள். அவள் தலையசைத்த பிறகே மேஸ்திரி ஓடோ சாரம் கட்டுவார். வெளியில் கேட்டால் எல்லாம் தன் அனுபவம் என்பார். மேஸ்திரிகள் அப்படித்தான்.

அவள் கணவன் ஆல்டன் கொத்தனார். குளிர்காலத்தில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. "கை சும்மா இருக்கு, வாய் மட்டும் எதுக்குடி அசையணும்?" என்று தன் பங்கு ரொட்டியை அவள் பக்கம் தள்ளுவான். அந்த வருடம் தவக்காலத்துக்குள் அவனுக்கு விலா எலும்பு தெரிந்தது.

தவக்காலத்தின் நடுவில் ஓடோ வந்தார்.

"என்னம்மா, சாணியை எடுத்துரலாமா? ஈஸ்டருக்குப் பிரபு வர்றாரு."

ஹாவிஸ் சாணிக்குள் கையை விட்டாள். கல் சில்லென்று கடித்தது. இன்னும் பத்து நாளாவது பொறுக்க வேண்டும். ஆல்டனின் விலா கண்ணுக்குள் நின்றது.

"எடுத்துரலாம் மேஸ்திரி."

நான்காம் நாள் உறைபனி விழுந்தது. புதுக் கலவை மேலே காய்ந்ததுபோல் இருந்தது, உள்ளே மாவாகிப்போயிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின வாரம் மழையில் ஐந்து ஆள் நீளத்துக்கு மதில் முற்றத்துக்குள் சரிந்தது. அடியில் ஆல்டன்.

புதைத்துவிட்டு வந்தாள். யாரோ கொடுத்த கஞ்சியைக் குடித்தாள். சூடா, உப்பா, எதுவும் தெரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. மரத்துப்போயிருந்தாள்.

மதில் ஏன் விழுந்தது என்று கோட்டை அதிகாரி கேட்டார். சுண்ணாம்பு சரியாக வேகவில்லை என்று ஓடோ காளவாயைக் கைகாட்டினார். காளவாய்க்காரன் சிவார்ட் நாலு பிள்ளைகளோடு மறுநாள் உச்சிக்குள் முற்றத்தைவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு.

சிவார்ட் அவள் குடிசைக்கு வந்தான். "நான் நல்லாத்தான் சுட்டேன் தாயி. நீயாவது நம்பு."

"நம்புறேண்ணே."

மறுநாள் காலையில் ஓடோவிடம் போனாள்.

"பனி விடலைன்னு தெரிஞ்சேதான் எடுக்கச் சொன்னேன் மேஸ்திரி. அவரு கூலிக்குப் போகட்டும்னு. சிவார்ட் அண்ணன் மேல தப்பில்ல. அதிகாரிகிட்ட சொல்லிருங்க."

ஓடோ சுற்றுமுற்றும் பார்த்தார். "சாணி அப்புறவ பேச்சைக் கேட்டுத்தான் மதில் கட்டுறேன்னு சொல்லச் சொல்றியா? அப்புறம் என்னை எவன் மேஸ்திரின்னு கூப்பிடுவான்? உன்னையும் துரத்திட்டா நீ எங்க போவ? சுண்ணாம்புன்னு சொன்னது சொன்னதுதான். போ."

அதிகாரியிடம் தானே போகலாம். உள்வாசல் திறந்துதான் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கால் நகரவில்லை.

உச்சி நெருங்கும்போது சிவார்டின் வண்டி முற்றத்தைக் கடந்தது. அவளைக் கண்டதும் நிறுத்தி இறங்கினான். பிள்ளைகள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். இரவெல்லாம் தூங்காத முகம் அவனுக்கு.

"யோசிச்சுப் பார்த்தேன் தாயி. கடைசிச் சூளைக்கு விறகு ஈரம். நான்தான் சரியா சுடலையோ என்னவோ. ஆல்டன் என்னாலதான் போயிட்டான் போல. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போயிடுறேன்."

உண்மையைச் சொல்லிவிடலாம். அவன்தான் எதிரில் நிற்கிறான், வேறு யாரும் இல்லை. ஹாவிஸ் வாயைத் திறந்தாள்.

"மன்னிச்சேண்ணே," என்றாள்.

சிவார்ட் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியில் ஏறினான்.