சம்பந்தியம்மாவின் பை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். இங்கிலீஷில் எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான். செக். அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை.

ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரி நிலத்தை விட்டுவிட்டு முதன்முதலாக இந்தப் பக்கம் பஸ் ஏறி வந்தபோது, "செக்போஸ்ட்டெல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் கத்தினார். அதைத் தாண்டினால் கர்நாடகா. லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. செக் என்றால் நிற்பது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அந்த வார்த்தை போகிற இடமெல்லாம் கூடவே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் சுகர் செக். கம்பெனிக்குள் சரக்கைச் செக் பண்ணுகிறவர்களுக்கு வெள்ளைக் கோட்டு. என் மனைவி எனக்கு எடுக்கிற சட்டையெல்லாம் செக்டு சட்டை, அழுக்கு தெரியாதாம். சூப்பர்வைசருக்கும் மேனேஜருக்கும் ஆகாமல் போனால், "நல்லா செக் வச்சான் பாரு" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள்.

கேட்டில் வருகிறவர்கள் கன்னடம் பேசுவார்கள், தெலுங்கு பேசுவார்கள், இப்போது பீகார், ஒடிசாப் பையன்கள் இந்தி பேசுகிறார்கள். எனக்குத் தமிழே நேராக வராது. ஆனால் "செக்" என்று சொன்னால் போதும், எல்லோரும் கையைத் தூக்குவார்கள்.

வேலை இப்படி. ஷிப்ட் விட்டதும் வெளியே போகிறவர்கள் ஒரு பெட்டியில் பட்டனை அழுத்த வேண்டும். எது எரியும் என்று யாருக்கும் தெரியாது. பச்சை விளக்கு எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் என் மேஜைக்கு வர வேண்டும். பையை விரித்து, டிபன் பாக்ஸுக்குள் எட்டிப் பார்த்து, அடியில் விரலால் தட்டிப் பார்ப்பேன். பித்தளைத் துண்டு, செம்புக் கம்பி ஏதாவது வெளியே போகிறதா என்று. பெண்களைச் சோதிக்கத் தனியாக ஒரு அம்மா இருக்கிறார், அவர்களுடைய பை மட்டும் என்னிடம் வரும். ஒன்றும் இல்லையென்றால், "ம், போங்க. அடுத்தவங்க வாங்க." தூக்கத்தில்கூட இதைச் சொல்கிறேன் என்று மனைவி சொல்வாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

வயசான காலத்தில் பிறந்த ஒரே மகள் எனக்கு. அவளுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து இடம் வந்தது. மாப்பிள்ளையும் ஒரு கம்பெனியில் சரக்கைச் செக் பண்ணுகிறவர்தான். அவருடைய அப்பா அதிகம் பேசமாட்டார். பேச்செல்லாம் பெரியப்பா. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவர் சொன்னார்: "எங்க தம்பி சம்சாரம் சொந்தமா தையல் யூனிட்டு வச்சு நடத்துது. எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு யாருகிட்டயும் கைகட்டி நிக்கத் தேவையில்ல."

மாப்பிள்ளையின் அம்மா அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடக்கமானவர்கள் என்று நினைத்தேன். பெரிய இடமாக இருக்கிறதே என்று பயமாகவும் இருந்தது. ஆனால் மகள் வாயைத் திறந்து, "இதவே முடிச்சிருங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படி எதையும் கேட்டதில்லை.

நிச்சயதார்த்தம் எங்கள் வாடகை வீட்டில்தான், தெருவை அடைத்துச் சாமியானா போட்டு. லீவு கிடைக்காமல் முதல் நாள் ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு, தூங்காமல் சட்டையை மட்டும் மாற்றியிருந்தேன். கண் எரிந்தது. தட்டு மாற்றி, பந்தி முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் கிளம்பினார்கள். வழியனுப்ப வாசற்படி ஓரமாக நின்றேன். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். செருப்பு தேடுகிற சத்தம், பை தூக்குகிற சத்தம், வேன் ஹாரன். அப்படியே ஷிப்ட் விட்ட மாதிரி இருந்தது.

முதலில் சம்பந்தியம்மா. கையில் துணிப்பை. அதற்குள் என் மனைவி கேசரி போட்டுக் கொடுத்த எவர்சில்வர் டப்பா. என் கை நீண்டது.

நான் நீட்டவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கை என்னுடையதுதானே. பையை விரித்தேன். அதற்குள் அவர்களே டப்பாவை வெளியே எடுத்து, மூடியைத் தூக்கி, உள்ளே வெளிச்சம் விழுகிற மாதிரி என் பக்கம் சாய்த்துக் காட்டினார்கள். நான் அடியில் விரலால் தட்டினேன்.

"ம், போங்க. அடுத்தவங்க வாங்க."



அடுத்தவராக வந்தது பெரியப்பா. "என்னாங்க சம்பந்தி இது? ஒங்க வூட்டுக் கேசரியத் திருடிக்கினு போறமா?"

"இல்லீங்க... தெரியாம..."

"என் ஜோப்பையும் பாத்துருங்க. வேன்ல ஸ்டெப்னி ஒண்ணு இருக்குது, அதுவும் ஒங்களுதான்னு பாத்துச் சொல்லிருங்க!"

யாரோ ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். என் மனைவி ஓடி வந்தாள். "கேட்டு வேல பாக்கறவருங்க. பழக்கத்துல கை போயிடுச்சு. மனசுல ஒண்ணும் இல்லீங்க."

"கை எங்க போறதுன்னு ஒரு மட்டு மரியாத வேணாமா? டேய், அந்தத் தட்ட எடுத்தா. திருப்பிக் குடுத்துட்டுப் போலாம். இந்தச் சம்பந்தம் நமக்கு என்னாத்துக்கு?"

மகள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் சட்டையிலிருந்த கட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். (இந்த இடத்தில் மகள் பேனாவை வைத்துவிட்டாள். "நான் அழுதுக்கிட்டிருந்தன்னு எழுதறன்ப்பா" என்கிறாள். எழுதட்டும்.)

அப்போது சம்பந்தியம்மா பேசினார்கள். அதுவரைக்கும் நான் அவர்கள் குரலைச் சரியாகக் கேட்டதுகூட இல்லை. "அவர வுடுங்க மாமா. தொறந்து காட்டுனது நான்தான?"

"நீ எதுக்கும்மா காட்டுன?"

"தெனமும் காட்டறன். கார்மென்ட்ஸ் கேட்டுல. யாராச்சும் கை நீட்டுனா என் கை தானாத் தொறக்குது."

"நீ சும்மா இரு."

"எத்தன நாளைக்கு மாமா சும்மா இருக்கறது? யூனிட்டு யூனிட்டுன்னு நீங்க சொல்றப்பல்லாம் எனக்குத் தல நிமிர முடியல. நான் லைன்ல ஒக்காந்து காலர் தைக்கறவ. அவரு கேட்டுல நிக்கறவரு. இதுல யாரு மரியாத எங்க போச்சு?"

பெரியப்பா தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வேனைப் பார்க்கப் போனார். தட்டை யாரும் எடுத்து வரவில்லை. வேன் போயிற்று. நிச்சயம் முறியாமல் நிலைத்தது.

என் மனைவி சாமிக்கு விளக்கேற்றினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் செய்த தப்புக்கு அந்த அம்மா தன்னுடைய சொந்தக்காரர்கள் முன்னால் தன்னைத் திறந்து காட்ட வேண்டியதாகிவிட்டது. என் மகளுக்காக.  வேன் கிளம்புகிறபோது பக்கத்தில் கைகூப்பி நின்றேன், அவ்வளவுதான்.

மறுநாள் டூட்டிக்குப் போனேன். போகாமல் முடியுமா? சிவப்பு விளக்கு விழுந்து ஒரு பெண் வந்தாள். நான் கேட்கும் முன்னாலேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாய்த்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருடமும் இவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றிருக்கிறார்கள். நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு என்னால் தட்ட முடியவில்லை. அதற்கப்புறம் தட்டினேன். வேலை அதுதானே.

கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை தங்கமானவர். நான் அவர் முன்னால் உட்காராமல் நழுவுவதைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, செக்குங்கற வார்த்த எங்கருந்து வந்துச்சு தெரியுமா? பாரசீகத்துல ராஜாவுக்கு ஷான்னு பேரு. செஸ்ஸு வெளையாடறப்ப, ராஜாவ மடக்குனா 'ஷா'ன்னு கத்திச் சொல்லணும். அதுதான் ஊர் ஊராப் போயி செக்குன்னு ஆச்சு. மடக்குறது, நிறுத்துறது, அப்பறம் சரி பாக்கறது, எல்லாம் அதுலருந்து வந்ததுதான். நீங்க போட்டிருக்கற கட்டம் போட்ட சட்டையும் அந்தச் செஸ் போர்டுதான். பேங்க் செக்குகூட அதே வகையறாதான்."

நான் கேட்டேன்: "ராஜாவுக்குச் சொன்ன வார்த்த கேசரி டப்பா வரைக்கும் எப்படி மாப்ள எறங்கி வந்துச்சு?"

"அது போன்ல போடல மாமா."

சம்பந்தியம்மா என் மகளைப் பார்க்க அடிக்கடி வருவார்கள். மகள் இப்போது பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருக்கிறாள். அவர்கள் கிளம்புகிற நேரம் பார்த்து நான் கொல்லைப்புறம் குழாயடிக்குப் போய்விடுவேன். வாசலில் அவர்களும் நானும் நிற்கிற மாதிரி வந்துவிடக் கூடாது. போன வாரம் அவர்கள் விடவில்லை.

"எங்க சம்பந்தி? பஸ்ஸுக்கு நேரமாவுது. செக் பண்ணாம எப்பிடிப் போறது?"

உள்ளே மனைவியும் மகளும் சிரிக்கிறார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே பையை நீட்டினார்கள். விளையாட்டுக்குத்தான். ஆனால் அவர்கள் கைக்கு விளையாட்டு தெரியவில்லை. இடது கை மூடியைத் தூக்கிவிட்டது. வலது கை மாங்காய் ஊறுகாய் டப்பாவை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்திருந்தது.

நான் உள்ளே பார்க்கவில்லை. மூடியை வாங்கி, அழுத்தி மூடிக் கையில் கொடுத்தேன்.

"அடுத்தவங்களக் கூப்புடலயா?" என்றார்கள்.

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து, அவர்களுடைய செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றேன்.