சைப்ரஸ் மரமும் சிறுத்தையும் ஒரு கல்லும்

போன ஞாயிறு, ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் தங்கை புஷ்பா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நாய் இல்லை. மணி எங்கே?

"புலி தூக்கிட்டுப் போயிருச்சுண்ணே. கொழந்த மாதிரி வளத்தேன்..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு மேலே, வெள்ளைக்காரத் துரை காலத்துச் சைப்ரஸ் மரம் ஒன்று நிற்கிறது. எங்கள் பேச்சில் புலி என்றால் சிறுத்தைதான். அது அந்த மரத்தடியில்தான் வந்து படுக்கிறதாம். புஷ்பா தினமும் கொழுந்து பறிக்கப் போவதும் அந்த வழியாகத்தான். மரத்தை வெட்டிவிட்டால் சனியன் வராது என்று இப்போதைய தோட்ட மேனேஜர் துரையிடம் அனுமதியும் வாங்கிவிட்டாள்.

மரம் வெட்டுகிற ராசு வரும்வரை அங்கே போய் நின்றேன். அடடா! மூடுபனி கிளைகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தது. பட்டையில் புதிய நகக்கீறல்கள், பிசின் இன்னும் ஈரமாக. பக்கத்தில் பழைய கீறல்கள், அகன்று, ஆறிப்போய். அதற்கும் பக்கத்தில் இன்னும் பழையவை.

சிறுத்தைக்கு ஆயுசு எவ்வளவு? கிட்டத்தட்ட ஒரு நாயின் ஆயுசுதான். மரமோ நூறு வயதிலும் இளந்தாரி. தாய் கீறிய இடத்தில் குட்டி வளர்ந்து வந்து கீறியிருக்கும், அதன் குட்டியும் கீறியிருக்கும். மரத்துக்கு அதெல்லாம் தெரியுமா? ஒரே சிறுத்தைதான் காலம் காலமாக வந்து போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்குமோ...

"என்னண்ணே, நின்னுக்கிட்டே தூங்குறீங்களா?"

புஷ்பா சூடத்தோடு வந்திருந்தாள். பெரிய மரத்தை வெட்டுமுன், அதில் குடியிருக்கும் முனிக்குச் சூடம் கொளுத்தி, 'விலகிக்க சாமி' என்று கேட்பது எங்கள் வழக்கம். கேட்டாள். அதோடு விட்டாளா? பக்தி முற்றி, அடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மரத்துக்கும் பெரிதாகக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள்.

ராசு வந்தான். பார்த்தான். செயின் சோ ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"ஐயோ அக்கா, சாமிய உக்கார வச்சுட்டு மரத்த வெட்டச் சொல்றீங்களே! எனக்குப் புள்ள குட்டி இருக்கு."

போயே போய்விட்டான். புஷ்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது - அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

நேற்று போன் பண்ணினாள். புதிதாக ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறதாம், படுக்கை வீட்டுக்குள்ளேதானாம். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, பொட்டு மேலயே கீறிட்டுப் போயிருக்கு!"

"பயமா இல்லையா புள்ள?"

"பயமாத்தான் இருக்கு. நாலஞ்சு பேரு சேந்து, சத்தம் போட்டுக்கிட்டுத்தான் கொழுந்து மலைக்குப் போறோம். வேற என்ன செய்ய? கோயிலுக்கு வர்றத வராதேன்னு எப்புடிண்ணே சொல்றது?"