ஜெர்மன் கிட்டாருக்கு வைத்த பொட்டு

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு சரஸ்வதி பூஜையின்போது, சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் நாலறை வீட்டில் நடந்தது இது.

என் கணவருக்குப் பழைய ஐரோப்பியக் கிட்டார்கள் என்றால் பைத்தியம். செமி அக்கூஸ்டிக் வகைதான் வேண்டும். உள்ளே வெறுங்கூடு, ஸ்பீக்கரில் செருகாமலும் கொஞ்சம் பாடும். இத்தாலியக் கிட்டார் ஒன்று, சுவீடன் கிட்டார் ஒன்று, ஜெர்மனியில் செய்த பேஸ் கிட்டார் ஒன்று, எல்லாம் எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தவை. மூன்றுக்கும் தனி அறை, ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின். எங்களுக்கு மின்விசிறி, அவற்றுக்கு அந்த உபசாரம்.

அந்த பேஸ்தான் அவருக்கு உயிர். அதன் தலைப்பகுதியில் ஒரு கருப்புத் தழும்பு உண்டு. யாரோ ஒரு ஜெர்மன்காரர் வாசிக்கும்போது சிகரெட்டைக் கம்பியில் செருகி வைத்துச் சுட்டதாம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைத் தடவித் தடவிக் காட்டுவார். எவனோ புகை பிடித்துப் பாழாக்கியதில் என்ன பெருமை என்று நான் கேட்டால், “உனக்குப் புரியாது விடு” என்பார்.

மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற வயது வந்தது. அவளுக்கு அறை வேண்டும். அலமாரி ஓரத்தில் இரண்டை எப்படியோ நுழைத்துவிடலாம், ஒன்று போயாக வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். இத்தாலியையும் சுவீடனையும் கேட்பாரில்லை. பேஸுக்குத்தான் ஆள் கிடைத்தார், பூன் லேயில் இருக்கும் ஒரு சீன அங்கிள். இவர் பொருளைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு கீறலையும் படம் பிடித்து அனுப்பி, முன்பக்கத்தில் ஒரு கறைகூட இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார். இந்தக் கிட்டார் ஆட்களிடம் அப்படி ஒரு கௌரவம். மறைத்து விற்றவன் என்று பெயர் வந்தால் அவ்வளவுதான்.

அங்கிள் விஜயதசமி அன்று காலை வருவதாக ஏற்பாடு. முதல் நாள் பூஜைக்கு நான் தேக்கா சந்தைக்குப் போய்ப் பூவும் சந்தனமும் வாங்கி வந்தேன். கணவருக்கு அன்று இரவு ஷிஃப்ட். மகளின் புத்தகங்கள், கால்குலேட்டர், என் கத்தரிக்கோல், அவருடைய ஸ்பேனர்கள் எல்லாவற்றையும் சாமி முன் அடுக்கினேன். கிட்டார் பக்கம் மட்டும் எந்த வருடமும் என்னை விட்டதில்லை. ஆனால் மறுநாள் வீட்டை விட்டுப் போகிற பொருள். இத்தனை வருடம் இருந்ததை ஒரு பொட்டுகூட வைக்காமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தூக்கி வந்து பலகையில் சாய்த்து, நெஞ்சில் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

காலையில் மறுபூஜை முடித்துத் துணியால் துடைத்தால், சந்தனம் வந்தது, சிவப்பு வரவில்லை. பழைய வார்னிஷில் மயிரிழை போல வெடிப்புகள் உண்டாம். குங்குமம் ராத்திரி முழுக்க அதில் இறங்கியிருக்கிறது. நான் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு நிற்கும்போது அவர் வேலை முடிந்து உள்ளே வந்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கிட்டாரை வாங்கி மடியில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஜெர்மனிலேருந்து இங்க வந்து சேர்ற வரைக்கும் இதுக்கு ஒண்ணும் ஆகல. நம்ம வீட்டுல ஒரு ராத்திரி தாங்கல,” என்றார்.

“போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடுங்களேன்.”

“பஸ் ஏறிட்டாராம். நான் பொய் சொன்னவனாத்தான் நிக்கணும்.”

விற்பனை போனால் போகட்டும், இந்த மனிதர் தலைகுனிய நான் காரணமாகிவிட்டேனே என்றுதான் இருந்தது.

அங்கிளுக்கு எழுபது வயதிருக்கும். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியும் டார்ச்சும் கொண்டு வந்திருந்தார். கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். கறை என்னால் வந்தது, இவருக்குத் தெரியாது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அங்கிள் கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இது என்ன என்று கேட்டார். கையோடு சாமி அறைக்கு அழைத்துப் போனேன். எல்லாம் பொட்டோடு இன்னும் அங்கேதான் இருந்தன.

“கால்குலேட்டருக்குமா?” என்றார். பிறகு சரஸ்வதி படத்தின் முன் நின்று வீணையை உற்றுப் பார்த்தார். “இவங்க வச்சிருக்கறதும் வெறுங்கூடுதானே லா? அப்ப இவங்களும் நம்ம கட்சி!”

கணவர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். அங்கிள் கிட்டாரின் தலையைத் திருப்பி அந்தக் கருப்புத் தழும்பைக் காட்டினார்.

“முகம் தெரியாத ஒருத்தன் சிகரெட்டால சுட்டதுக்கு நாலு படம் அனுப்புனீங்க. உங்க மனைவி கும்பிட்டு வச்ச பொட்டுக்கு விலை குறைக்கிறீங்களா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கக் காபி போடப் போனேன். அங்கிள் பேசிய விலையைக் கொடுத்து, பையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, இந்தப் பூஜை அடுத்த வருடம் எப்போது என்று மட்டும் கேட்டார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் பூஜைக்கு முன்னால் அங்கிளிடமிருந்து போன் வந்தது. பூஜை அன்று காலையிலேயே கிட்டார் பையோடு வந்து நின்றார். பொட்டை எங்கே வைப்பது என்று நான் தயங்கினேன். பழைய இடத்திலேயே வையுங்கள், புதுக் கறை வேண்டாம் என்றார். இப்போது வருடா வருடம் அப்படித்தான். பேஸ் ஒரு இரவு எங்கள் சாமி அறையில் தங்கும். பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்பதால் என் கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் காலை, எடுத்த பொருளை முதலில் கொஞ்சமாவது பயன்படுத்த வேண்டும் அல்லவா? மகள் ஒரு பக்கம் படிப்பாள், நான் ஒரு துணியை வெட்டுவேன், இவர் பேஸை மடியில் வைத்து வாசிப்பார். அதைத் திரும்ப எடுத்துப் போக அங்கிள் வேண்டுமென்றே மெதுவாகத்தான் வந்து சேருவார்.

வழியனுப்புவதாக நினைத்து நான் வைத்த பொட்டு அது. என் கணவருக்கு அவருடைய பேஸ் வருடத்தில் ஒரு காலை திரும்பக் கிடைப்பது அந்தப் பொட்டால்தான் என்பதை நினைக்கும்போது, இன்றும் சந்தனம் குழைக்கிற என் கை ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது.